களத்தில் ஓடிய ஐந்நூறு மைல்

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சீமையில் இருந்தவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். நம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இலாகா கொடுத்தார்கள். அரிசிக்கு ஓர் இலாகா, மண்ணெண்ணெய்க்கு ஓர் இலாகா, துணிக்கு ஓர் இலாகா என்று எல்லாவற்றையும் பங்கு போட்ட பிறகும் சில பட்டதாரிகள் மிஞ்சிவிட்டார்கள். அப்படி மிஞ்சியவர்களுக்காகப் பிறந்ததுதான் மோட்டார் எண்ணெய்ச் சிக்கன இலாகா. காரின் என்ஜினுக்குள் ஊற்றுகிற எண்ணெயை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பதும், தீர்மானத்தை மீறுகிறவர்களைக் கண்டிப்பதும் அதன் வேலை.

இலாகாவின் ஆபீஸ் சேந்தமங்கலத்தில் இருந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது இரண்டு கார்கள். ஒன்று ஒரு மிராசுதாருடையது. பெட்ரோல் ரேஷன் வந்த நாளிலிருந்து செங்கல் மேல் நின்றது. இன்னொன்று இலாகாவின் சொந்தக் கார். ஆக, இலாகா யாரைக் கண்டிப்பதென்றாலும் தன்னைத்தான் கண்டித்துக்கொள்ள வேண்டும். அதையும் அது தவறாமல் செய்துவந்தது.

ஆபீசுக்குள் இரண்டு பிரிவுகள். எண்ணெய் கெடுவது ஓட்டத்தால், ஆகவே மைல் கணக்குப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பது மைல் பிரிவு. எண்ணெய் கெடுவது காலத்தால், கார் சும்மா நின்றாலும் மாதக் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும் என்பது மாதப் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் தனித்தனி தண்ணீர்ப் பானை. மாதப் பிரிவுத் தலைமைக் குமாஸ்தாவின் மகள் கல்யாணத்துக்கு மைல் பிரிவிலிருந்து ஒருவரும் போகவில்லை. மொய் மட்டும் அனுப்பினார்கள். இந்த இரண்டு பிரிவும் சொல்வதை ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்ளத் தெரிந்த ஒரே மனிதர் எண்ணெய் ஆபீசர். அந்தத் திறமைக்காகவே அவரை ஆபீசராக்கியிருந்தார்கள்.

அந்த ஆபீசருக்கு மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. உமது எல்லையில் கொல்லிமலையும் சேர்ந்திருக்கிறதே, அங்கே எத்தனை கார்கள் உமது மேற்பார்வையில் இருக்கின்றன? ஒன்றும் இல்லையென்றால் மலைக்கென்று உமக்குத் தனி அந்தஸ்து எதற்கு?

கொல்லிமலையில் அப்போது கார் கிடையாது. காருக்கு முன்னால் வர வேண்டிய சாலையே கிடையாது. காரவள்ளியில் மலையேற ஆரம்பித்தால் ஒற்றையடித் தடம்தான். மிளகு மூட்டையும் பலாப்பழமும் ஆள் தலையில்தான் இறங்கும். வேறு யாராவது என்றால் இதை எழுதிப் போட்டுவிட்டு அந்தஸ்தை இழந்திருப்பார்கள். ஆபீசர் அப்படிப்பட்டவர் அல்ல. சாலை போடுவது வேறு இலாகாவின் பொறுப்பு, கார் இருக்கிறதா என்பதே நம் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னார். இலாகாவின் காரையே மலைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவதென்று முடிவாயிற்று.

அடிவாரத்தில் வைத்துக் காரைக் கழற்றினார்கள். யுத்த வேலை என்று சொல்லி மலைமேல் இருந்த குண்டனி நாட்டு ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். என்ஜினை மூங்கிலில் கட்டிச் சிலர் தோள் கொடுத்தார்கள். கதவை ஒருவன் முதுகில் சுமந்தான். சக்கரத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஏறியவர்களில் ஒருவர் சின்னக்கண்ணு. நடுத்தர வயது, சாமையும் மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் பயிர் செய்கிறவர். சக்கரம் என்பது மனிதனைச் சுமக்கிற சாமான் என்று கேள்விப்பட்டிருந்தார். அதை மனிதன் சுமந்துகொண்டு மலை ஏறுவதில் ஏதோ இடிக்கிறது என்று பட்டது. ஆனால் சர்க்கார் காரியத்தில் இடிப்பதுதான் வழக்கம் என்பதால் பேசாமல் ஏறினார்.

மேலே போனதும் காரைத் திரும்பப் பூட்டி நிறுத்தச் சமதளம் வேண்டியிருந்தது. குண்டனி நாட்டில் எங்கே பார்த்தாலும் சரிவு. சமமாக, கெட்டியாக இருந்த ஒரே இடம் சின்னக்கண்ணுவின் நெற்களம். நெற்களம் என்று வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும் அங்கே அடிப்பது சாமையும் கேழ்வரகும். செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து, சாணம் மெழுகி, ஒரு மணி தானியம் உள்ளே புதையாதபடி மூன்று தலைமுறையாக இறுக்கிவைத்த தரை. செருப்புக் காலோடு அதில் யாரும் ஏற மாட்டார்கள். சின்னக்கண்ணுவின் அப்பன் வீட்டைக் கூட அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டதில்லை.

அது ஆடி மாதம். சாமை அப்போதுதான் முளைத்திருந்தது. ஆவணியில் காரை எடுத்துவிடுவதாக ஆபீசர் வாக்குக் கொடுத்தார். களத்தின் நடுவில் காரைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, ஒரு மாலையும் போட்டுவிட்டு, காவலுக்கு டிரைவர் ராசப்பனை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார்கள். ராசப்பன் அடிவாரத்துப் பையன். சின்னக்கண்ணுவை மாமா என்று கூப்பிடுவான். இலாகா அவனுக்குச் சாப்பாடு அனுப்ப மறந்துவிட்டதால் அவனும் சின்னக்கண்ணு வீட்டுக் களியில் பங்காளியானான்.

ஆவணி போயிற்று. புரட்டாசியும் போகிற நிலையில் சாமை பழுத்துத் தலை சாய்ந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அறுக்க வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அடித்து வீடு சேர்க்க வேண்டும். சாமைப் போர் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். ஒரு வருஷத்துச் சோறு அது. களம் இல்லாமல் எங்கே போய் அடிப்பது? சின்னக்கண்ணுவின் மனைவி சென்னம்மாள் காலையில் காரைப் பார்ப்பாள், வானத்தைப் பார்ப்பாள், பிறகு புருஷனைப் பார்ப்பாள். மூன்றாவது பார்வை தாங்காமல் அவர் மலை இறங்கினார்.

ஆபீசர் அன்பாகத்தான் பேசினார். சின்னக்கண்ணு கை கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"எசமான், சாமை வெளஞ்சு சாஞ்சு நிக்குதுங்க. மள வந்துருச்சுன்னா வருசம் பூராத்துக்கும் பட்டினிங்க. களத்தை மட்டும் உட்டுக்குடுத்தீங்கன்னாப் போதுமுங்க."

"காரை நகர்த்துவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை," என்றார் ஆபீசர். "எண்ணெய் மாற்றாமல் இலாகாவின் கார் ஓர் இடத்தை விட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப மாத்திப் போடுங்க சாமி."

ஆபீசர் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு இரண்டு பிரிவுத் தலைமைக் குமாஸ்தாக்களையும் கூப்பிட்டார். புதிதாகப் பூட்டிய என்ஜின், மூன்று மாதம் ஆனதும் முதல் எண்ணெய் மாற்ற வேண்டும், ஐப்பசியில் சரியாக ஆகிறது என்றது மாதப் பிரிவு. ஐந்நூறு மைல் ஓடினால்தான் முதல் எண்ணெய் மாற்றலாம், அந்தக் கார் மலையில் ஓர் அடி கூட ஓடவில்லை, அதன் எண்ணெய் இன்னும் கன்னி எண்ணெய் என்றது மைல் பிரிவு. காலையில் ஆரம்பித்த வாதம் மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்று, பிறகு தொடர்ந்தது. சின்னக்கண்ணு வாசற்படி அருகில் நின்றபடியே இருந்தார். தன் சாமையைப் பற்றி எப்போது பேச்சு வரும் என்று காத்திருந்தார். அது வரவில்லை.

சாயங்காலம் ஆபீசர் தீர்ப்புச் சொன்னார். இருவர் சொல்வதும் சரி. ஆகவே இரண்டும் நடக்க வேண்டும். மூன்று மாதமும் ஆக வேண்டும், ஐந்நூறு மைலும் ஓட வேண்டும். அதன் பிறகு எண்ணெய் மாற்றம். மறுநாளே காரைப் பிரித்து இறக்கிவிடலாம்.

ஓடுவதற்கு மலையில் தடம் இல்லையே என்று சின்னக்கண்ணு கேட்டார். கார் நிற்கிற இடம் சமதளம்தானே, அதிலேயே ஓடட்டும் என்றார் ஆபீசர். நேராக ஓட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்று மைல் பிரிவுத் தலைவரும் உறுதி சொன்னார்.

ஆகவே பெட்ரோல் டின்கள் ஆள் தலையில் மலை ஏறின. ராசப்பன் காரைக் கிளப்பிக் களத்துக்குள்ளேயே வட்டம் போட ஆரம்பித்தான். காலையில் இடமாகச் சுற்றுவான், மத்தியானம் வலமாகச் சுற்றுவான். இறங்கி நிற்கும்போது மலை அவனைச் சுற்றும். களி உருண்டையைத் தட்டில் வைத்தால் எதிர்த் தட்டில் கை வைப்பான். எண்ணெயைச் சிக்கனம் பண்ணப் பிறந்த இலாகா, ஓர் எண்ணெய் கெட வேண்டும் என்பதற்காகப் பெட்ரோலை இப்படி எரித்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. அப்புறம் ஆடு மாடுகள் மட்டும் பார்த்தன.

இதற்குள் சாமையை அறுத்துக் களத்தோரம் போர் போட்டாயிற்று. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. சின்னக்கண்ணு போர் மேல் சாய்ந்தபடி காரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தைச் சுற்றுகிறது, கனமாக இருக்கிறது, நடுவில் ஒருவன் உட்கார்ந்து ஓட்டுகிறான். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தார். எங்கேயோ என்ன, வருஷா வருஷம் இதே களத்தில் பார்த்ததுதான். பிணையல் மாடு இப்படித்தான் கதிர்மேல் சுற்றும்.

"ஏனுங் கண்ணு, வெறுந்தரையில சுத்தறதுக்குப் பதுலாக் கதிரைப் போட்டுக்கிறட்டுமா?" என்று ராசப்பனிடம் கேட்டார்.

"போடுங்க மாமா. எதாச்சு ஒண்ணு உருப்படட்டும்," என்றான் ராசப்பன்.

கதிரைப் பரப்பினார்கள். கார் ஏறிச் சுற்றியது. ரப்பர் சக்கரத்துக்கடியில் சாமை பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு மணி நசுங்கவில்லை. சென்னம்மாள் வைக்கோலை உதறிப் பார்த்து, மாடு கூட இவ்வளவு சுத்தமாக மிதிக்காது என்றாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். மாட்டின் பின்னால் போவது போலவே காரின் பின்னாலும் போய், "பொலியோ பொலி" என்று குரல் கொடுத்தார்கள். மாடு மிதிக்கும்போது சாணம் போட வாலைத் தூக்கினால் ஒருவர் ஓடிப்போய் வைக்கோலை ஏந்துவார், தானியத்தில் விழக்கூடாது. காரின் அடியில் கறுப்பாக ஏதோ சொட்டுவதைச் சின்னக்கண்ணு பார்த்தார். வாய் அகலமான ஒரு சுரைக்குடுக்கையை எடுத்துவந்து சொட்டுகிற இடத்தில் கயிற்றால் கட்டிவிட்டார். அதன்பின் ஒரு சொட்டுக் கூடக் களத்தில் விழவில்லை.

இரண்டு நாளில் உதிர்ந்த தானியத்தைக் குவித்து, அந்த முதல் பொலியைத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது பொலி களத்தில் குவிந்தது. போரில் இன்னும் பாதி மிச்சம். மழை இன்னும் பிடிக்கவில்லை. சின்னக்கண்ணுவுக்கு அந்த நாட்களில் சர்க்காரின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய உபகாரத்தை இப்படிச் சுற்றி வளைத்துச் செய்கிறார்களே என்று மட்டும் நினைத்தார்.

அப்போதுதான் ஆபீசர் வந்தார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிவந்தார்கள். பின்னால் இரண்டு பிரிவுத் தலைவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பொலி இருக்கிற களம், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள் என்று சின்னக்கண்ணு கேட்டுக்கொண்டார். பூட்ஸ் உடுப்பின் பகுதி, உடுப்பைக் கழற்றினால் தாம் ஆபீசர் அல்ல, ஆபீசர் அல்லாதவர் காரைப் பரிசோதிக்க முடியாது என்று விளக்கிவிட்டு ஆபீசர் ஏறினார். சென்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைல் பிரிவுத் தலைவர் மைல் காட்டும் கருவியைப் பார்த்தார். ஐந்நூறு ஓடியிருந்தது. பிறகு சக்கரத்துக்கடியில் இருந்த வைக்கோலைப் பார்த்தார். வைக்கோல் மேல் சக்கரம் வழுக்கும், வழுக்கிய மைல் மைல் ஆகாது, அதைக் கழித்தால் ஐந்நூறில் பாதிதான் தேறும் என்றார். மாதப் பிரிவுத் தலைவர் விடவில்லை. மூன்று மாதம் முடிந்து நாள் ஆகிவிட்டது, மாதம் வழுக்காது, இன்றே எண்ணெய் மாற்றியாக வேண்டும் என்றார். இருவரும் ஆபீசரைப் பார்த்தார்கள். ஆபீசர் வானத்தைப் பார்த்தார். மழைக்கு முன் மலை இறங்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

"இருவர் சொல்வதும் சரி," என்றார். "பாதி எண்ணெயை மாற்றுவோம்."

இப்படி ஒரு சமயோசிதத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இரண்டு தலைவர்களுக்கும் முகம் மலர்ந்தது. ஆபீசர் ஒரு சிறு பிரசங்கமும் செய்தார்.

"இந்தக் கார் எங்கும் போகவில்லை என்று சிலர் குறை சொல்லக்கூடும். போவது காரின் வேலை. இலாகாவின் வேலை அல்ல. எங்கும் போகாமலே ஐந்நூறு மைல் ஓடலாம் என்று இன்று நாம் நிரூபித்திருக்கிறோம். யுத்தத்தை யார் ஜெயித்தாலும் இலாகா இருக்கும். இலாகா இருக்கிற வரையில் எண்ணெய் மாறிக்கொண்டே இருக்கும். ஜனங்களுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். ஜனங்களே வேண்டாம் என்றாலும் நடத்திக்காட்டுவதுதான் நிர்வாகம்."

ராசப்பனைத் தவிர யாரும் கை தட்டவில்லை. அவனும் தலைசுற்றலில் தடுமாறிக் கையைச் சேர்த்தான் என்றே நினைக்கிறேன்.

பிறகு காருக்கு அடியில் குனிந்து பார்த்த மைல் பிரிவுத் தலைவர் சுரைக்குடுக்கையைக் கண்டுபிடித்தார். இலாகாவின் காரில் அனுமதியில்லாத ஒரு பாகம். யார் பொருத்தியது? எந்த உத்தரவின் பேரில்? அதை உடனே அகற்றச் சொன்னார்கள். சின்னக்கண்ணு நயமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். எண்ணெய் இறங்குகிறபோது கீழே ஏதாவது ஏந்த வேண்டாமா, பொலி பக்கத்திலேயே இருக்கிறதே, கொஞ்சம் பொறுத்தால் பொலியை அள்ளிவிடுவோமே என்றார். ஏந்துவதற்கு இலாகாவின் முத்திரை போட்ட டின் தனியாக இருக்கிறது, அது பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். டின்னைச் சுமந்துவந்த ஆள் பாதி மலையில் கால் வழுக்கி உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. மேகம் முழங்கியதும் ஆபீசர் அவசரப்பட்டார். டின் வருவதற்குள் திருகைத் தளர்த்தியாவது வைக்கலாம் என்று உத்தரவிட்டார்.

ராசப்பன் படுத்துக்கொண்டு அடித்திருகைத் தளர்த்தினான். எண்ணெய் இறங்கியது.

"பாதி, பாதி," என்றார் ஆபீசர்.

எண்ணெய்க்குப் பாதி தெரியவில்லை. ராசப்பனின் கையிலிருந்து திருகு நழுவி எண்ணெயோடு போயிற்று. சூடான கறுப்பு எண்ணெய் மெழுகிய தரையில் ஓடிப் பள்ளம் பார்த்துப் பொலியின் அடிக்குள் புகுந்தது. சின்னக்கண்ணு ஓடி வந்து இரண்டு கையாலும் அணை கட்டினார். சென்னம்மாள் முந்தானையை விரித்துச் சாமையை அள்ளினாள். அவள் அள்ளியதெல்லாம் கறுப்பு. இலாகா மட்டும் ஓர் அடி பின்வாங்கி நின்றது, பூட்ஸில் படக்கூடாது என்பதற்காக.

சென்னம்மாள் எழுந்து வந்து ஒரு கை சாமையை ஆபீசரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் பொங்கித் திங்க முடியுமுங்களா?" என்று கேட்டாள்.

ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு, திங்கக் கூடாது என்றார். அதில் இருப்பது சர்க்கார் எண்ணெய். யுத்த காலத்தில் ஒரு சொட்டு கூட வீணாகக் கூடாது. மண்ணில் ஊறினாலும் தானியத்தில் ஊறினாலும் எண்ணெய் சர்க்காரின் சொத்துதான். ஆகவே எண்ணெய் ஊறிய மண் முழுவதும், தானியம் முழுவதும் இந்த நிமிஷம் முதல் இலாகாவைச் சேர்ந்தது. ஒரு பிடி கூட வெளியே போகாமல் காப்பாற்றுவது சின்னக்கண்ணுவின் பொறுப்பு என்று அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாதிதான் மாற்றுவதென்று முடிவானதால் புது எண்ணெயும் பாதிதான் வரும். பாதி எண்ணெயோடு கார் ஓடக் கூடாது. ஆகவே கார் களத்திலேயே இருக்கும். இதையும் சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறிப் போனார்.

எனக்கு இந்த இடத்தை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. வருஷம் முழுக்க வெயிலிலும் பனியிலும் நின்று, பன்றியும் குரங்கும் தின்றது போக மிஞ்சியதை ஒரு கையெழுத்தில் எண்ணெய் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மழை பிடித்துக்கொண்டது. போரின் மேல் வைக்கோலும் தேக்கிலையும் போட்டு மூடிவிட்டு, சின்னக்கண்ணு வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆபீசர் எழுதிக் கொடுத்ததை ஊரில் எழுத்து தெரிந்த ஒருவர் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார்.

கேட்டுக்கொண்டிருந்த சென்னம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அவுங்க சொத்து நம்ம களத்துல எதுக்குங்க கெடக்கோணும்? கொண்டு போயிக் குடுத்துருவோம்."

மழை வெறித்ததும் ஊர் திரண்டது. காரை மேலே சுமந்த அதே ஆட்கள்தான். கூடையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார்கள். உத்தரவில் ஒரு பிடி கூட விடக் கூடாது என்று இருந்ததால் ஒரு பிடி கூட விடவில்லை. கறுத்த சாமையை அள்ளினார்கள். கறுத்த மண்ணை வெட்டினார்கள். எண்ணெய் ஓடிய தாரை எங்கே போனதோ அங்கேயெல்லாம் வெட்டினார்கள். அதிகம் ஊறியிருந்தது காரின் அடியில். ஆகவே அங்கே அதிகம் வெட்ட வேண்டியிருந்தது. முன்சக்கரத்துக்கடியில் வெட்டும்போது கார் மெதுவாகத் தலை சாய்த்தது. ஆட்கள் மரியாதையாக விலகி நின்றார்கள். கார் களத்தோரத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கி, சாமைத் தாளின் மேல் குதித்துக் குதித்து ஓடி, கீழ்க்காட்டுப் பலா மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. மலை ஏறிய நாள் முதல் அது நேராக ஓடிய ஓட்டம் இது ஒன்றுதான். ராசப்பன் அது நிற்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, தலைசுற்றல் நின்றுவிட்டது என்றான்.

மறுநாள் கூடைகள் வரிசையாக மலை இறங்கின. சேந்தமங்கலம் தெருவில் பார்த்தவர்கள் ஏதோ கோயிலுக்கு மண் சுமக்கிற வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஆபீஸ் வாசலில் சின்னக்கண்ணு உத்தரவை நீட்டினார்.

"உங்க எண்ணெயிங்க எசமான். ஒரு சொட்டு உடாமக் கொண்டாந்துட்டமுங்க. எங்கீங்க கொட்டறது?"

ஆபீசர் உத்தரவைப் பார்த்தார். கையெழுத்து அவருடையது. மண் வேண்டாம் என்றால் அது சர்க்கார் சொத்து இல்லையென்று ஆகும். சர்க்கார் சொத்து இல்லையென்றால் அவர் எழுதியது தப்பு என்று ஆகும். தப்பு என்று ஆவதைவிட மண் ஆவது மேல் என்று அவர் முடிவு செய்தார். சர்க்கார் சொத்தைப் பூட்டுள்ள அறையில்தான் வைக்க வேண்டும். ஆபீசில் பூட்டுள்ள அறை ஒன்றே ஒன்று, அது ஆபீசருடையது. கொட்டினார்கள். மேஜை மறைந்தது, நாற்காலி மறைந்தது, சுவரில் மாட்டியிருந்த ராஜாவின் படம் வரைக்கும் மண் ஏறியது. ஆபீசர் அன்று முதல் வராந்தாவில் உட்கார்ந்தார்.

சின்னக்கண்ணு புதுச் செம்மண் கொட்டிக் களத்தைத் திரும்ப அடித்தார். அது காய்ந்து இறுகுவதற்குள் கார்த்திகை பாதி போய்விட்டது. போரின் அடியில் இருந்த சாமை முளைத்துவிட்டது. மேலே இருந்ததை மாடு கட்டி மிதித்தார்கள். கார் மிதித்து முதலில் வீடு சேர்ந்த பொலியையும் இதையும் வைத்துக்கொண்டு, அந்த வருஷம் அரை வயிறு சாமையும் மீதி வயிறு மரவள்ளிக் கிழங்குமாக ஓட்டினார்கள். பட்டினி கிடக்கவில்லை. ஆனால் சென்னம்மாள் அரிசி களையும்போதெல்லாம் ஒரு மணியை எடுத்து முகர்ந்து பார்க்கிற பழக்கம் போகவே இல்லை.

தை மாதக் கடைசியில் கேழ்வரகு மிதித்துக்கொண்டிருந்த நேரம். ஆபீஸ் சேவகன் ஒருவன் நாக்குத் தள்ள மலையேறி வந்தான். களத்தோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவ்வளவு மரியாதை அவனுக்கு இருந்தது. ஆபீசில் பெரிய தகராறு என்றான். மண் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, மண்ணில் இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான், ஆகவே அதை மாற்ற வேண்டும் என்று மாதப் பிரிவு எழுதிவிட்டது. ஆபீசரும் ஒப்புக்கொண்டுவிட்டார். சின்னக்கண்ணு உடனே புறப்பட்டு வந்து பழைய மண்ணை அள்ளிக்கொண்டு, அதே அளவு புது மண் கொண்டுவந்து கொட்ட வேண்டும். உத்தரவு.

மாடு நின்றுவிட்டது. களத்தில் இருந்த எல்லோரும் சின்னக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த கவைக்கோலை ஊன்றிக்கொண்டு புதுத் தரையை ஒரு முறை பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"மாத்தறது சரிங்க. மூணு மாசம் ஆச்சு, ஒத்துக்கறேன். அந்த மண்ணு இன்னும் ஐந்நூறு மைலு ஓடலீங்களே?"

சேவகன் யோசித்தான். நியாயம்தான் என்று அவனுக்கே பட்டது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இறங்கிப் போனான். அது ஆபீசுக்குள் நுழைந்ததும் மைல் பிரிவு எழுந்து நின்று கை தட்டியதாம். ஆபீசர் வராந்தாவிலிருந்தபடியே இருவர் சொல்வதும் சரி என்று தீர்ப்புச் சொன்னார்.

அதன் பிறகு சேந்தமங்கலத்துக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் ஆபீசைச் சுற்றி ஒரு மாட்டு வண்டி காலையில் இடமாகவும் மத்தியானம் வலமாகவும் வந்துகொண்டே இருக்கிறது. வண்டி நிறைய மண். ஓட்டுகிறவன் ராசப்பன். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டால், இன்னும் நானூற்றுச் சொச்சம் மைல் இருக்கிறது என்கிறான்.